கச்சா எண்ணெய்க்கு மைக்ரோஃப்ளூயிடிக் கிட் வாங்கலாமா? ஒரு பழைய பாட்டில் டெஸ்ட் ஆளின் அனுபவம்

எங்கள் கல்லூரி லேபுக்கு வாங்கிய மைக்ரோஃப்ளூயிடிக் கிட் (மயிரிழை அளவு வாய்க்காலில் திரவத்தை ஓடவிட்டுப் பார்க்கும் கருவி) எப்படி இருக்கிறது, காசுக்குத் தகுமா என்று பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து தொடர்ந்து கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. அதனால் மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். கம்பெனி பெயர் எழுதப் போவதில்லை. இதே மாதிரி கிட்டைப் பல பேர் விற்கிறார்கள். எல்லாவற்றிலும் நல்லதும் கெட்டதும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் இருக்கும்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். எண்ணெய் வயலில் கெமிஸ்டாக இருந்தவன். குஜராத்தில் மெஹ்சானா, அப்புறம் நம் காவிரிப் படுகை. வேலைக் காலம் முழுக்க எண்ணெயையும் தண்ணீரையும் பிரிப்பதுதான் என் பிழைப்பு. ஓய்வு பெற்றபின் மதுரைக்கே திரும்பி, பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் கெமிக்கல் பிள்ளைகளுக்கு லேப் எடுக்கிறேன். மதுரையில் ஏது எண்ணெய்க் கிணறு என்று கேட்காதீர்கள். சென்னையிலிருந்து திருச்சி வழியாகக் குழாயில் இங்கே வந்து சேர்வது தயாரான பெட்ரோல், டீசல்தான். ஆனால் இங்கே படிக்கிற பிள்ளைகள் வேலைக்குப் போவது நரிமணத்துக்கும் அசாமுக்கும் வளைகுடாவுக்கும்.

சரி, பிரச்சினைக்கு வருகிறேன். கிணற்றிலிருந்து எண்ணெய் மட்டும் தனியாக வராது, தண்ணீரும் கூடவே வரும். கிணறு வயதாக ஆக எண்ணெயைவிடத் தண்ணீர்தான் அதிகம். உலகம் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு மூன்று பீப்பாய் தண்ணீர் என்று பொதுவாகச் சொல்வார்கள். வெறுமனே சேர்ந்து வந்தால் கவலை இல்லை, தொட்டியில் விட்டால் தானே பிரிந்துவிடும். கிணற்று வாயில் சோக் வால்வு இருக்கிறதே, அங்கேதான் வினை. அழுத்தம் சட்டென்று இறங்கும் அந்த இடுக்கில் தண்ணீர் பொடிப்பொடித் துளியாக உடைந்து எண்ணெய்க்குள் மாட்டிக்கொள்ளும். கச்சா எண்ணெயில் உள்ள அஸ்ஃபால்டீன், ரெசின், மெழுகு, நுண்மண் எல்லாம் போய் அந்தத் துளிமேல் ஒட்டித் தோல் கட்டிவிடும். தோல் கட்டின துளிகள் இடித்துக்கொண்டாலும் சேராது. எண்ணெய் கூழாகிப் பம்ப் திணறும். தண்ணீரில் உள்ள உப்பு ரிஃபைனரி வரைக்கும் போய் அங்கே இரும்பை அரிக்கும். இதை உடைக்கத்தான் டிமல்சிஃபயர் என்ற மருந்தைச் சில பத்து பிபிஎம் (ஒரு பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவில் சேர்க்கிறோம்.

எந்த மருந்து, எவ்வளவு என்று முடிவு செய்வது பாட்டில் டெஸ்ட். அளவுக் கோடு போட்ட பாட்டில்களில் 100 மில்லி எமல்ஷன், அதாவது எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் கலந்த அந்தக் கூழ், ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து. நன்றாகக் குலுக்கி, 60 டிகிரி நீர்த்தொட்டியில் வைத்து, ஐந்தாவது நிமிடம், பத்தாவது நிமிடம், அரை மணி என்று அடியில் எவ்வளவு தண்ணீர் இறங்கியது என்று குறித்துக்கொண்டே போவோம். பழைய முறைதான், ஆனால் வயலில் இன்றைக்கும் இதை நம்பித்தான் மருந்து வாங்குகிறார்கள். ஒரே குறை, உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. கறுப்பாக இருக்கும், அப்புறம் அடியில் தண்ணீர் இருக்கும். நடுவில் நடந்தது சாமிக்குத்தான் வெளிச்சம்.

அந்த நடுவைக் காட்டுவேன் என்றுதான் இந்தக் கிட்டை விற்கிறார்கள்.

பெட்டியில் வருவது இரண்டு சிரிஞ்ச் பம்ப், கண்ணாடி சிப் ஒன்று, பிடிஎம்எஸ் என்கிற சிலிக்கோன் ரப்பர் சிப் ஒன்று, டெஃப்லான் குழாய், இணைப்பான்கள், பிளாஸ்டிக் சிரிஞ்சுகள், மைக்ரோஸ்கோப்பில் மாட்ட ஒரு சின்ன யுஎஸ்பி கேமரா. மைக்ரோஸ்கோப் நம்முடையது. ஜிஎஸ்டி சேர்த்து இரண்டு லட்சத்துக்குச் சற்றுக் கீழே. கண்ணாடி சிப் சாதாரண ஸ்லைடு அளவுதான். உள்ளே 100 மைக்ரான் அகலம், 50 மைக்ரான் ஆழத்தில் வாய்க்கால் (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று). எண்ணெயும் தண்ணீரும் சந்திக்க T எழுத்து வடிவில் ஒரு டி சந்திப்பு, நான்கு வழிச் சந்திப்பு ஒன்று, அதற்குப் பிறகு வளைந்து வளைந்து போகும் நீண்ட பாதை, கடைசியில் துளிகள் மோதிக்கொள்ள அகலமான ஓர் அறை. இதை வடிவமைத்தவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. அந்த வளைவுப் பாதை இல்லாவிட்டால் இந்தச் சிப் எங்கள் வேலைக்கு ஆகவே ஆகாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கச்சா எண்ணெய் கறுப்பு, மைக்ரோஸ்கோப்பில் என்ன தெரியப் போகிறது என்றுதான் எனக்குச் சந்தேகம். 50 மைக்ரான் கனத்தில் அது கறுப்பே இல்லை, கடுங்காப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த மாதிரி பழுப்பாக ஒளி விடுகிறது. அதற்குள் தண்ணீர்த் துளிகள் ஒவ்வொன்றாகப் பிறந்து வரிசை கட்டிப் போவது அவ்வளவு துல்லியம். எண்ணெய் நிமிடத்துக்கு 10 மைக்ரோலிட்டர், தண்ணீர் 2 என்று வைத்தால் நொடிக்கு அறுபது எழுபது துளி. எல்லாம் ஒரே அளவு. பாட்டிலைக் குலுக்கினால் ஒரு மைக்ரானிலிருந்து நூறு மைக்ரான் வரை கலந்துகட்டி இருக்கும். இங்கே அளவு நம் கையில்.

கிட் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு பழைய சோதனை உண்டு. டி சந்திப்பில் துளி பிறக்கும் விதத்தை 2006இல் கார்ஸ்டெக்கி என்ற ஆய்வாளரின் குழுவினர் எளிய கணக்காகத் தந்தார்கள். ஓட்டம் மெதுவாக இருக்கும்வரை, துளியின் நீளத்தை வாய்க்கால் அகலத்தால் வகுத்தால் அது தண்ணீர் ஓட்டத்துக்கும் எண்ணெய் ஓட்டத்துக்கும் உள்ள விகிதத்தோடு நேர்கோட்டில் ஏறும். பிசுபிசுப்பு ஏறக்குறைய ஒரு பொருட்டே இல்லை. பிள்ளைகளைவிட்டு மினரல் ஆயிலில் வரையச் சொன்னேன். விகிதம் பெரிதாக இருக்கும்வரை கோடு நேராகவே வந்தது. தண்ணீர் ஓட்டத்தைக் குறைக்கக் குறைக்கப் புள்ளிகள் சிதறின. ஒரு துளி பெரிது, அடுத்தது சின்னது.

சிப் மேல் தப்பில்லை. சிரிஞ்ச்தான் காரணம். இந்தப் பம்பில் மோட்டார் ஒரே சீராகச் சுற்றாது, ஒரு சுற்றுக்கு 200 அடி (ஸ்டெப்) எடுத்து வைத்து நகரும். திருகின் புரி இடைவெளி 1 மில்லிமீட்டர். அப்படியானால் ஓர் அடிக்கு 5 மைக்ரான். கிட்டோடு தருகிற 10 மில்லி சிரிஞ்சில் இந்த 5 மைக்ரான் என்பது ஏறக்குறைய 0.9 மைக்ரோலிட்டர். நிமிடத்துக்கு 2 மைக்ரோலிட்டர் கேட்டால் நிமிடத்தில் இரண்டே தடவைதான் தள்ளும்! நடுவில் சும்மா நிற்கும். மோட்டார் டிரைவரில் ஒவ்வோர் அடியையும் இன்னும் சின்னதாக உடைக்கும் மைக்ரோஸ்டெப்பிங் போட்டிருப்பதால் அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை, ஆனாலும் துடிப்பு இருக்கத்தான் செய்கிறது. 1 மில்லி சிரிஞ்ச் போட்டால் ஓர் அடியில் வரும் அளவு பத்தில் ஒன்றாகிவிடும், தீர்ந்தது பிரச்சினை. பெரிய ஆஸ்பத்திரி எதிரே எந்த மருந்துக் கடையிலும் 1 மில்லி சிரிஞ்ச் கிடைக்கும். ஆனால் அது தண்ணீர்ப் பக்கத்துக்கு மட்டும். எண்ணெய்ப் பக்கத்துக்குக் கண்ணாடி சிரிஞ்ச்தான் வேண்டும். பிளாஸ்டிக் சிரிஞ்சின் கறுப்பு ரப்பர், எண்ணெயை நீர்க்க நாங்கள் சேர்க்கும் டொலுவீன் என்ற கரைப்பானில் ஊதி, மதியத்துக்குள் இறுகி நின்றுவிடுகிறது. மோட்டார் முனகும், எண்ணெய் நகராது. இதை எழுதாமல் பிளாஸ்டிக் சிரிஞ்சைப் பெட்டியில் வைத்து "கச்சா எண்ணெய் ஆய்வுக்கு ஏற்றது" என்று அட்டையில் போட்டிருப்பது அநியாயம்.

அதே அநியாயம்தான் அந்தப் பிடிஎம்எஸ் சிப்பும். ரப்பர் சிப் செய்வது சுலபம், மலிவு, உயிரியல்காரர்களுக்குச் சொர்க்கம். எண்ணெய்க்காரனுக்கு அது சரிவராது. 2003இலேயே ஹார்வர்டில் ஒயிட்சைட்ஸ் குழு எந்தக் கரைப்பானில் அது எவ்வளவு ஊதும் என்று வரிசைப்படுத்திக் கொடுத்துவிட்டது. ஹெக்ஸேன், டொலுவீன் எல்லாம் ஊத வைக்கிற பக்கத்தில்தான். எங்கள் எண்ணெயை விட்டதும் வாய்க்கால் கண்முன்னே குறுகியது. அதைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு தடவை பயன்பட்டது, அவ்வளவே. வாங்கும்போது இதற்குப் பதில் இரண்டாவது கண்ணாடி சிப் கேளுங்கள்.

கண்ணாடியிலும் ஒன்று கவனிக்க வேண்டும். சுத்தமான கண்ணாடிக்குத் தண்ணீர்தான் பிடிக்கும். பூச்சு இல்லாத சிப்பில் மினரல் ஆயிலுக்குள் தண்ணீர்த் துளி செய்யப் போனால், தண்ணீர் சுவரோடு ஒட்டிக்கொண்டு துளியாகாமல் கோடாக ஓடும். தண்ணீரை ஒட்டவிடாத சிலேன் பூசிய சிப் என்று கேட்டு வாங்க வேண்டும். கச்சா எண்ணெயில் ஊறினால் அஸ்ஃபால்டீனே சுவரில் படிந்து கண்ணாடியை எண்ணெய்ப் பக்கம் சாய்த்துவிடும். ஆனால் அது சீராகப் படியாது.

கழுவும் முறையைப் பற்றிக் கையேட்டில் எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. "ஹெக்ஸேன் அல்லது ஹெப்டேனால் அலசவும்" என்கிறது. மினரல் ஆயிலுக்குச் சரி. கச்சா எண்ணெய் நிற்கிற வாய்க்காலில் ஹெப்டேனை விட்டால் என்ன ஆகும்? ஹெப்டேனில் கரையாமல், டொலுவீனில் கரைவதற்குத்தான் அஸ்ஃபால்டீன் என்றே பெயர். கையேட்டை நம்பி ஒரு மாணவர் அப்படியே செய்தார். சந்திப்பு முழுக்கக் கறுப்புத் தூளாகப் படிந்து அடைத்துக்கொண்டது. பாவம், சிப் போச்சு என்று அவர் முகம் செத்துவிட்டது. டொலுவீனை மெல்ல, பின்பக்கமாகச் செலுத்தி ஒருவழியாகக் கரைத்தோம். முதலில் டொலுவீன், பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், கடைசியில்தான் தண்ணீர், அப்புறம் வடிகட்டிய காற்று. இந்த வரிசையை எழுதி சிப் பெட்டி மேலேயே ஒட்டிவிட்டோம். டொலுவீன் வேலை எல்லாம் ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூடுக்குள்தான், ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

தண்ணீருக்கும் ஒரு வார்த்தை. வெறும் காய்ச்சி வடித்த நீரில் செய்தால் வயலுக்குச் சம்பந்தமே இல்லை, உப்பு சேர்க்க வேண்டும். கடையில் வாங்கும் அயோடின் உப்பில் கட்டிபிடிக்காமலிருக்க ஏதோ சேர்த்திருப்பார்கள், அது வேண்டாம். எங்கள் லேப் அண்ணன், "சார், நம்ம போர் தண்ணியே உப்புத்தானே, அதையே விட்டா என்ன?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. ஆனால் போர் தண்ணீரில் கால்சியம் இருக்கும். அந்தக் கால்சியத்துக்கு எண்ணெயில் உள்ள நாஃப்தெனிக் அமிலத்தோடு சேர்ந்து சோப்பாகிற குணம் உண்டு. அது வேறொரு சோதனைக்கு நல்ல விஷயம், ஆனால் முதல் சோதனைக்கு ஆகாது. எதை விட்டாலும் 0.45 மைக்ரான் ஃபில்டர் போட்டுத்தான் விட வேண்டும். மதுரைத் தூசிக்கு 100 மைக்ரான் வாய்க்கால் எம்மாத்திரம்?

இனி கேமரா. அதைப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். நொடிக்கு 30 படம் எடுக்கும். சந்திப்பில் எண்ணெய் நொடிக்கு முப்பது மில்லிமீட்டருக்கு மேல் ஓடுகிறது. துளிக்குப் பதில் கோடுதான் தெரியும். ஒரு மாணவி தன் போனை ஐபீஸில் வைத்து, 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷனில் பிடித்துக் காட்டினார். அது எவ்வளவோ மேல். மோதல் அறை அகலமாக இருப்பதால் அங்கே வேகம் குறைந்து, படத்துக்குப் படம் துளி பதினாறு மைக்ரான்போலத்தான் நகரும். போனைக் கையில் பிடித்தால் ஆடும். காளவாசல் பக்கம் பெயர்ப்பலகை செய்கிற கடையில் லேசர் கட்டிங் உண்டு. அங்கே அக்ரிலிக்கில் ஒரு பிடிப்பு வெட்டச் சொன்னோம். "என்ன சார் பேர் எழுதணும்?" என்றார் கடைக்காரர். பேரெல்லாம் வேண்டாம் தம்பி, இந்த அளவில் ஓர் ஓட்டை மட்டும் போதும் என்றதும் ஒரு மாதிரியாகப் பார்த்தார். வேலை சுத்தம், அன்றைக்கே கொடுத்துவிட்டார். அவரிடமே அக்ரிலிக் சிப்பும் வெட்டலாமே என்று பிள்ளைகள் குதித்தார்கள். மினரல் ஆயிலுக்கு வெட்டிப் பழகலாம். டொலுவீன் பட்டால் அக்ரிலிக் வெடிப்பு விட்டுப் போய்விடும். வெளிச்சமும் போதாது. கச்சா எண்ணெய் ஒளியைக் குடித்துவிடும். மைக்ரோஸ்கோப்போடு வந்த பல்பைக் கழற்றி, நல்ல எல்இடி ஒன்றைப் போட்ட பிறகுதான் படம் படமாக வந்தது.

இவ்வளவு குறை சொல்லியும் இதை நான் ஏன் விடவில்லை என்றால், அந்த மோதல் அறைக்காகத்தான்.

கனமான எண்ணெய் ஒன்றை டொலுவீனும் ஹெப்டேனும் கலந்து, அஸ்ஃபால்டீன் விழாத அளவுக்குள் நீர்த்துச் செலுத்தினோம். சந்திப்பில் பிறந்தவுடனே துளிகளை மோதவிட்டால் எளிதாகச் சேர்ந்துவிடும், தோல் கட்ட நேரம் கிடைத்திருக்காது. வளைவுப் பாதை வழியாகச் சுற்றி வந்தால் பத்து நொடி வயசாகிவிடும். அந்தப் பத்து நொடியிலேயே வித்தியாசம் தெரிகிறது. இரண்டு துளி வந்து முட்டும். முட்டிய இடம் தட்டையாகும். நடுவில் எண்ணெய் மெல்லிய படலமாக நசுங்கி நிற்கும், மெல்ல வழிந்து வெளியேறும். பின்னால் வரும் துளிகள் தள்ளும். தட்டை முகத்தோடு தட்டை முகம் ஒட்டியபடி இரண்டும் அறையைக் கடந்து, சேராமலே வெளியே போய்விடும். மெஹ்சானாவில் எத்தனையோ பாட்டில்களில் அரை மணி ஆகியும் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். அது ஏன் இறங்கவில்லை என்று கண்ணால் பார்த்தது இங்கேதான்.

அப்புறம் பம்பை நிறுத்தி, சந்திப்பின் வாயில் ஒரு துளியைத் தொங்கவிட்டு ஒரு மணி நேரம் விட்டோம். பின் நீர்ச் சிரிஞ்சைக் கையால் மெல்லப் பின்னுக்கு இழுத்தோம். சாதாரணத் துளி என்றால் சுருங்கச் சுருங்க வழுவழுப்பாகவே இருக்கும். இதில் ஓரம் கசங்கியது. மடிப்பு மடிப்பாகச் சுருக்கம் விழுந்தது. தோல் என்று இதுநாள் வரை நான் பாடம் நடத்தியது நிஜமாகவே தோல்தான். பிள்ளைகள் பேசவே இல்லை. நானும்தான்.

மருந்தை 50 பிபிஎம் சேர்த்து அதே துளிகளை விட்டால், முட்டியதும் அடுத்த படத்தில் இரண்டு துளிக்கும் நடுவே கழுத்துபோல ஓர் இணைப்பு உண்டாகிவிடுகிறது. அதற்கடுத்த படங்களில் ஒரே துளி, நெளிந்து நெளிந்து வட்டமாகிறது. ஒரு படம் என்பது நான்கு மில்லி நொடி. அதற்குள் என்ன நடந்தது என்று பார்க்க நொடிக்கு ஆயிரக்கணக்கில் எடுக்கும் கேமரா வேண்டும், அது நம் பட்ஜெட் இல்லை. மருந்தை ஏற்றிக்கொண்டே போனால் சேர்வது ஒரு கட்டத்துக்கு மேல் குறையவும் செய்தது. வயலில் "பிரியலையா, இன்னும் கொஞ்சம் ஊத்து" என்று சொல்லும் ஆட்களுக்கு இந்த வீடியோவை அனுப்ப ஆசைதான்.

அதற்காக இதை வைத்து மருந்து தேர்ந்தெடுக்கலாம் என்று விளம்பரத்தில் சொல்வதை ஏற்காதீர்கள். வயலில் துளி பெரும்பாலும் பத்து, இருபது மைக்ரான். இந்தச் சிப்பில் சுலபமாக வருவது நூறு. வயலில் துளிக்கு வயது மணிக்கணக்கு, இங்கே நொடிக்கணக்கு. பாட்டில் 60 டிகிரியில் இருக்கும், இந்தக் கிட்டில் சூடேற்றும் வசதி கிடையாது. ஏப்ரல், மே மாதத்தில் ஏசி நின்றுபோனால் காலையில் ஒரு பிசுபிசுப்பு, மதியம் ஒரு பிசுபிசுப்பு, இரண்டு நாள் முடிவை ஒப்பிடவே முடியாது. நாங்கள் ஒவ்வொரு வீடியோவுக்கும் அறை வெப்பத்தைப் பெயரிலேயே சேர்த்து வைக்கிறோம். எவ்வளவு தண்ணீர் இறங்கும் என்பதற்குப் பாட்டில், ஏன் இறங்கவில்லை என்பதற்குச் சிப். இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் லேப்.

சர்வீஸ் சுமார். கம்பெனி வெளியூர். போன் எடுக்கிறார்கள், மரியாதையாகப் பேசுகிறார்கள், "டெக்னிக்கல் டீம்ல கேட்டுச் சொல்றேன் சார்" என்பதோடு நின்றுவிடுகிறது. பம்பில் சிரிஞ்சைத் தள்ளும் கட்டை தளர்ந்து ஆட ஆரம்பித்தபோது திருப்பி அனுப்பச் சொன்னார்கள். போக வர கூரியரில் இன்னும் என்னென்ன ஆடுமோ என்று, கப்பலூர் சிட்கோவில் ஒரு லேத் பட்டறையில் பித்தளைப் புஷ் போட்டு வாங்கிவிட்டோம். அதற்குப் பிறகு ஆட்டமே இல்லை. பெரிய குறை இணைப்பான்கள்தான். சின்ன பிளாஸ்டிக் கூம்பு, கொஞ்சம் அதிகமாக முறுக்கினால் நசுங்கி எண்ணெய் கசியும். உதிரியாக விற்பார்கள், ஆனால் வந்து சேர வாரக்கணக்கு. முதல் ஆர்டரிலேயே தாராளமாகச் சேர்த்துவிடுங்கள். கொட்டேஷன் கேட்கும்போது பிடிஎம்எஸ் சிப், கேமரா, பிளாஸ்டிக் சிரிஞ்ச் மூன்றையும் எடுத்துவிட்டு, சிலேன் பூசிய கண்ணாடி சிப் இரண்டு, 1 மில்லி கண்ணாடி சிரிஞ்ச் நான்கு என்று எழுதிக் கேளுங்கள். முதலில் "செட்டாகத்தான் தருவோம்" என்பார்கள். மார்ச் மாதத்தில் கேட்டால் கொடுத்துவிடுவார்கள்.